ஒரு சாயங்காலத்தில் முடிந்துபோகும் சீசன்

நள்ளிரவு வரை விழித்து மொபைலில் பிரீமியர் லீக் பார்க்கிற பையனுக்கு, ஒரு சீசன் என்றால் 38 ஆட்டம் என்று தெரியும். ஆகஸ்ட்டில் தொடங்கி மே வரை ஓடும். நடுவில் நாலு ஆட்டம் தோற்றாலும் எழுந்து வர நாள் கிடக்கும். அதே பையன் காலை ஆறு மணிக்கு பூட்ஸைத் தூக்கிக்கொண்டு தன் கல்லூரி கிரவுண்டுக்குப் போகிறான். மதுரையில் அவன் ஆடும் அணிக்கு இந்த வருட சீசன் எத்தனை ஆட்டம் என்று கேட்டுப் பாருங்கள். பதில் பெரும்பாலும் ஒற்றை இலக்கத்தில்தான் வரும். சில வருடங்களில் ஒன்றே ஒன்று.

காரணம் நாக் அவுட் முறை: ஒரு முறை தோற்றால் வெளியே. ஒரு பல்கலைக்கழகத்தின் கல்லூரிகளுக்கு இடையிலான போட்டியில் 16 அணிகள் கலந்துகொள்கின்றன என்று வைத்துக்கொள்வோம். சாம்பியன் யார் என்று முடிவாக 15 ஆட்டம் போதும். ஒவ்வொரு ஆட்டத்திலும் இரண்டு அணி என்பதால் 30 இடங்கள். அவற்றை 16 அணிகளுக்குப் பிரித்தால் சராசரியாக ஓர் அணிக்கு இரண்டு ஆட்டம்கூட வராது. முதல் சுற்றிலேயே எட்டு அணிகள் வீட்டுக்குப் போய்விடும். அவர்களுடைய சீசன் அவ்வளவுதான். இதில் ஆட்ட நேரத்தை வேறு பல இடங்களில் குறைத்துவிடுவார்கள். ஒரே கிரவுண்டில் ஒரு நாளில் நாலு ஆட்டம் முடிய வேண்டுமே.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. ஓர் அணி எதிரில் வருகிற யாரையும் பத்துக்கு ஆறு முறை ஜெயிக்கும் அளவுக்கு நல்ல அணி என்று வைத்துக்கொள்ளுங்கள். கோப்பைக்கு நான்கு ஆட்டம் தொடர்ந்து ஜெயிக்க வேண்டும். அந்த நான்கும் கைகூடும் வாய்ப்பு நூற்றுக்குப் பதின்மூன்றுதான். அதாவது அந்த நல்ல அணி எட்டு வருடம் ஆடினால் ஒரு முறை கோப்பையைத் தூக்கும். மற்ற ஏழு வருடமும் 'இந்த வருஷம் டீம் சரியில்லை' என்று கேண்டீனில் பேசுவார்கள்.

நான் மதுரையில் ஒரு கல்லூரியில் மூன்று வருடம் இரண்டாவது கோலியாக (கோல் கீப்பராக) பெஞ்சில் உட்கார்ந்தவன். அதனால் இந்தக் கணக்கு எனக்குப் பேப்பரில் தெரிந்ததல்ல. இரண்டாம் வருடம் எங்கள் அணி, நான் பார்த்ததிலேயே நல்ல அணி. இரண்டு மாதம் காலையும் மாலையும் பயிற்சி. முதல் சுற்றில் எதிரணி எங்கள் பெனால்டி பெட்டிக்குள் மொத்தம் மூன்று முறை வந்திருப்பார்கள். நாங்கள் கம்பத்தில் இரண்டு முறை அடித்தோம். கோல் விழவில்லை. டை பிரேக்கர். பெரிய போட்டிகளிலேயே பெனால்டி உதைகளில் ஏறக்குறைய நான்கில் மூன்றுதான் கோலாகும் என்பார்கள். எங்களுடைய ஐந்தில் இரண்டு போகவில்லை. திரும்பி வரும் டவுன் பஸ்ஸில் யாரும் பேசவில்லை. பெரியார் பஸ் நிலையத்தில் இறங்கிப் புரோட்டா சாப்பிட்டோம். அன்றோடு அந்த வருடம் முடிந்தது. ஜெர்ஸியில் சேறுகூடப் படவில்லை என்று எங்கள் சென்டர் பேக் சொன்னது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

இப்படி ஒற்றைச் சாயங்காலத்தில் முடியக்கூடிய ஒன்றுக்கு என்னென்ன சேர்ந்து வர வேண்டியிருக்கிறது என்று பார்த்தால்தான், ஸ்கோரை வைத்து ஓர் அணியை எடைபோடுவது ஏன் தப்பு என்று புரியும்.

முதலில் ஜூன் மாதம். கல்லூரி அணியின் சீசன் உண்மையில் அட்மிஷன் வரிசையில் தொடங்குகிறது. இளங்கலை மூன்று வருடம். ஆக ஒவ்வொரு மே மாதமும் அணியில் மூன்றில் ஒரு பங்கு டி.சி. வாங்கிக்கொண்டு போய்விடும். போகிறவர்கள் மூன்றாம் வருடப் பையன்கள், அதாவது ஆட்டம் பிடிபட்டவர்கள். கேப்டனும் பெரும்பாலும் அவர்களில் ஒருவன்தான். அவர்கள் இடத்துக்கு பிளஸ் டூ முடித்தவர்கள் வர வேண்டும். பி.டி. சார்கள் ஏப்ரல், மே மாதங்களில் ஓய்வாக இருப்பார்கள் என்று நினைக்காதீர்கள். பள்ளிகளின் பாரதியார் தினப் போட்டிகளில் பார்த்து வைத்த பையன்களின் வீட்டுக்கு போன் போட்டுக்கொண்டிருப்பார்கள். விளையாட்டு ஒதுக்கீட்டில் சீட்டு, ஃபீஸில் சலுகை, விடுதியில் சாப்பாடு. இந்த மூன்றில் எதை ஒரு கல்லூரி தர முடியும் என்பதில்தான் அணியின் பாதிப் பலம் இருக்கிறது. திண்டுக்கல்லில் இருந்து ஒரு நல்ல ஸ்டாப்பர் (நடு டிஃபென்ஸில் நிற்பவன்) வருவதும் வராததும் விடுதிச் சாப்பாட்டில் தொங்கிக்கொண்டிருக்கும். சிரிப்பதற்காகச் சொல்லவில்லை. பதினெட்டு வயதுப் பையன் காலையில் ஓடிவிட்டு வந்தால் நாலு முட்டையாவது வேண்டும்.

அடுத்தது கிரவுண்ட். இதில் பழைய கல்லூரிகளுக்குப் பரம்பரைச் சொத்து இருக்கிறது. அமெரிக்கன் கல்லூரி 1881இல் பசுமலையில் தொடங்கி, பிறகு கோரிப்பாளையம் பக்கம் வந்தது. மதுரைக் கல்லூரி 1889. தியாகராசர் கல்லூரி 1949. இவையெல்லாம் நகரம் இவ்வளவு நெருக்குவதற்கு முன்னால் நிலம் பார்த்து அமர்ந்த நிறுவனங்கள். முழு அளவு கால்பந்து மைதானம் என்றால் நூறு மீட்டருக்குக் கொஞ்சம் கூடவோ குறையவோ நீளம், அறுபது எழுபது மீட்டர் அகலம். கோல் கம்பத்துக்குப் பின்னால் ஓட இடம் வேறு. பிறகு வந்த பல கல்லூரிகளில் கட்டடம் எழுந்த பிறகு மிச்சம் இருந்ததுதான் கிரவுண்ட். அங்கே பயிற்சி எடுக்கிற பையன், போட்டிக்காக ரேஸ் கோர்ஸ் எம்.ஜி.ஆர். ஸ்டேடியத்துக்கு வந்தால் முதல் பத்து நிமிடம் விங்கில் எவ்வளவு இடம் கிடக்கிறது என்று பார்த்துத் திகைப்பான். மதுரைக்காரர்களுக்கு விளையாட ஆசை இல்லாமல் இல்லை. வைகை மணலிலும், வறண்டு கிடந்த காலத்தில் தெப்பக்குளத்துக்குள்ளும் ஆடிய ஊர்தானே இது. இடம்தான் இல்லை.

இடம் இருந்தாலும் மண் ஒரு பிரச்சினை. மேலூர், அழகர்கோவில் பக்கம் செம்மண், சரளைக்கல். திருமங்கலம் தாண்டினால் கரிசல். புல்தரை என்பது தண்ணீர் இருக்கிற கல்லூரிக்கு மட்டும். கெட்டித் தரையில் பந்து முட்டி உயரத்துக்குக் குதிக்கும். அதை நெஞ்சில் வாங்கி இறக்கப் பழகிய பையன் புல்லில் ஆடும்போது பந்து காலுக்கடியில் போய்விடும். கரிசலில் கோடையில் வெடிப்பு, மழையில் பசை. பூட்ஸ் ஸ்டட்டில் அரைக் கிலோ மண் ஏறும். கோலிகளின் கஷ்டத்தை நான் சொல்லித்தான் ஆக வேண்டும்: சரளைத் தரையில் பக்கவாட்டில் பாய்வதற்கு முன் மூளை ஒரு நொடி யோசிக்கும். அந்த ஒரு நொடியில் கோல் விழுந்துவிடும். அந்த யோசனையைக் குறைக்கத்தான், இடுப்பில் சிராய்ப்பு ஆறாத கோலி வெயிலிலும் முழு டிராக் பேன்ட் போட்டுக்கொண்டு நிற்கிறான். ஸ்டைலுக்காக அல்ல.

இப்போது நகரெங்கும் வாடகை டர்ஃப்கள், அதாவது செயற்கைப் புல் தரைகள், வந்துவிட்டன. மணிக்கு இவ்வளவு என்று பத்துப் பேர் பங்கு போட்டு, இரவு விளக்கில் ஐந்துக்கு ஐந்து ஆடுகிறார்கள். நல்லதுதான், முட்டி கிழியாது. ஆனால் அந்த ஆட்டம் வேறு. அங்கே ஆஃப்சைடு (எதிரணி டிஃபென்ஸைத் தாண்டி முன்னால் நின்று பந்து வாங்கக் கூடாது என்ற விதி) கிடையாது, நாற்பது மீட்டர் தூக்கியடிக்க இடம் கிடையாது, பக்கத்து வலையில் பட்டுப் பந்து திரும்பி வரும். டர்ஃபில் வளர்ந்த தலைமுறைக்குப் பாதம் பழைய ஆட்களைவிடச் சுத்தம். பந்தைத் திருப்புவதும் குட்டி பாஸும் அருமையாக வரும். ஆனால் பதினொருவர் ஆட்டத்தில் டிஃபென்ஸ் வரிசை ஒன்றாக மேலே ஏறுவது, எதிர்ப்பக்கத்து விங்குக்குப் பந்தை மாற்றுவது இதெல்லாம் பெரிய கிரவுண்டில் மட்டுமே பழகும். முதல் சுற்றில் தோற்கும் அணிகளை உட்கார்ந்து கவனித்தால், கோல் விழுவது அனேகமாக இந்த ஆஃப்சைடு வரிசை உடைகிற இடத்தில்தான்.

அப்புறம் ஆடிக் காற்று. போட்டி அட்டவணை பெரும்பாலும் ஜூலை கடைசியில் இருந்து அக்டோபருக்குள் அடங்கும். தொடக்கம் சரியாக ஆடியில் விழும். மேற்குத் தொடர்ச்சி மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் மழை கொட்டும்போது, மலை மறைவில் இருக்கும் மதுரைக்கு வந்து சேர்வது வறண்ட காற்றும் புழுதியும்தான். தேனி ரோட்டில் போனால் காற்றாலைகள் சுற்றுவதைப் பார்க்கலாம். அதே காற்று கோல் கிக்கைத் தூக்கித் திரும்ப உங்கள் பெட்டிக்கே கொண்டுவந்து போடும். டாஸில் ஜெயித்தவர் பக்கத்தை மட்டும் தேர்ந்தெடுக்கலாம் என்றிருந்த விதி 2019இல் மாறி, முதல் உதையையும் கேட்டு வாங்கலாம் என்றானது. மதுரை கேப்டன்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆடியில் காற்றுப் பக்கத்தை விட்டுவிட்டு யார் முதல் உதையைக் கேட்பார்கள்? முதல் பாதியில் காற்றோடு ஆடி ஒன்றிரண்டு போட்டுவிட்டு, மறு பாதியில் பத்துப் பேரும் பின்னால் நின்று காப்பது இங்கே பழைய உத்தி.

அதே 2019இல் வந்த இன்னொரு மாற்றம் கோலிகளுக்குக் கொஞ்சம் உதவியது. கோல் கிக் பெனால்டி பெட்டியைத் தாண்டினால்தான் ஆட்டம் தொடங்கும் என்ற கட்டாயம் போய், பக்கத்தில் நிற்கும் பேக்குக்கே உருட்டிவிடலாம் என்றானது. எதிர்க்காற்றில் இது வரம். ஆனால் டிவியில் பார்ப்பதுபோலக் கோலியும் இரண்டு பேக்கும் பெட்டிக்குள் பாஸ் பண்ணிக்கொண்டிருக்க வேண்டுமானால் தரை சமமாக இருக்க வேண்டும். குண்டும் குழியுமான கிரவுண்டில் அதை முயன்று பார்த்த அணிகள் கையைச் சுட்டுக்கொண்டன.

அட்டெண்டன்ஸைச் சொல்லாமல் இந்தக் கதை முடியாது. ஒரு செமஸ்டருக்கு 90 வேலை நாட்கள், அதில் 75 சதவீத வருகை கட்டாயம். கணக்குப் போட்டால் 22 நாள் மட்டும் லீவு எடுக்கலாம். போட்டி நாட்களுக்கு 'ஆன் டியூட்டி' உண்டு. ஆனால் பயிற்சிக்கு ஓ.டி. கிடைக்காது. முதல் பீரியடுக்கு ஈரத் தலையோடு ஓடி வருகிற பையன் ஐந்து நிமிடம் தாமதம் என்றால், உள்ளே விடுவது அந்த ஆசிரியரின் மனசைப் பொறுத்தது. இன்டர்னல் தேர்வும் கால் இறுதியும் ஒரே நாளில் வந்தால் என்ன செய்வது என்பது ஒவ்வொரு வருடமும் ஏதாவது ஒரு அணிக்கு நேர்கிறது. தோற்ற அணிகளின் ஸ்கோருக்குப் பின்னால் தேர்வு ஹாலில் உட்கார்ந்திருந்த ஒரு ஸ்ட்ரைக்கர் இருக்கலாம். அது எந்த ரிசல்ட் ஷீட்டிலும் வராது. ஜெயித்தாலும் நிம்மதி கிடையாது. நாட்களை மிச்சப்படுத்த இன்று கால் இறுதி, நாளை அரை இறுதி, மறுநாள் இறுதி என்று வைத்துவிடுவார்கள். முழு ஆட்டம் ஆடிய தசைகள் சரியாக இரண்டு மூன்று நாள் ஆகும் என்பது பயிற்சியாளர்களுக்குப் பாலபாடம். இறுதி ஆட்டத்தின் கடைசிப் பத்து நிமிடத்தில் ஆறு பேர் கால் பிடித்துக்கொண்டு கிடப்பதற்கு உப்புச் சத்துக் குறைவைவிட அட்டவணைதான் முக்கியக் காரணம் என்பது என் கட்சி.

'மதுரையின் சிறந்த கல்லூரி அணி எது?' என்று கேட்டால் பதில் சொல்ல முடியாது. அப்படி ஒரு போட்டியே இல்லை. கலை, அறிவியல் கல்லூரிகள் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் கீழ். பொறியியல் கல்லூரிகள் அண்ணா பல்கலைக்கழகம். மருத்துவம், சட்டம் ஒவ்வொன்றுக்கும் தனிப் பல்கலைக்கழகம். ஒரே தெருவில் வளர்ந்து ஒரே பள்ளியில் ஆடிய இரண்டு பேர், ஒருவன் பி.காம்., ஒருவன் பி.இ. என்று சேர்ந்துவிட்டால் பல்கலைக்கழகப் போட்டியில் மூன்று நான்கு வருடம் மோதிக்கொள்ளவே மாட்டார்கள். கல்லூரிகள் தாங்களாகவே நடத்தும் அழைப்புப் போட்டிகளில் சந்தித்தால் உண்டு. முதலமைச்சர் கோப்பையில் கல்லூரிப் பிரிவு வந்த பிறகு இந்தச் சுவர் கொஞ்சம் இடிந்திருக்கிறது.

காமராசர் பல்கலைக்கழகத்தின் எல்லையும் காலப்போக்கில் சுருங்கியது. 1966இல் தொடங்கியபோது தென் மாவட்டங்கள் முழுக்க அதன் கீழ் இருந்தன. 1985இல் அழகப்பா பல்கலைக்கழகம் வந்தது. 1990இல் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் பிரிந்தபோது நெல்லையும் தூத்துக்குடியும் கன்னியாகுமரியும் போயின. நிர்வாகத்துக்கு அது சாதாரணப் பிரிவினை. கால்பந்துக்கு அப்படியல்ல. தூத்தூர் போன்ற குமரிக் கடற்கரைக் கிராமங்களில் பிள்ளைகள் நடை பழகும்போதே மணலில் பந்து உதைக்கிறார்கள். தமிழ்நாட்டுக் கால்பந்தின் ஊற்று அங்கேதான் என்று சொன்னால் யாரும் சண்டைக்கு வர மாட்டார்கள். அந்தக் கரை முழுவதும் வேறு பல்கலைக்கழகத்தின் எல்லைக்குள் போய்விட்டது. மதுரைக்கு மிஞ்சியதில் திண்டுக்கல்தான் பெரிய கால்பந்து ஊர். மற்றபடி இந்த வட்டாரக் கிராமங்களில் கபடியும் வாலிபாலும்தான் ராஜா. அரசு கவனம் ஹாக்கி பக்கமும் திரும்பியிருக்கிறது. 2025இல் ஜூனியர் உலகக் கோப்பை ஹாக்கி ஆட்டங்கள் ரேஸ் கோர்ஸில் நடந்ததைப் பார்த்தோம்.

இனி இன்னொரு கணக்கு. கல்லூரியின் சீசன் தோல்வியோடு முடியும். ஆட்டக்காரனின் சீசன் முடியாது. கல்லூரிகளுக்கு இடையிலான போட்டியில் நன்றாக ஆடியவர்களைப் பொறுக்கிப் பல்கலைக்கழக அணிக்கான முகாமுக்கு அழைப்பார்கள். அங்கிருந்து இறுதிப் பட்டியல். அதில் வந்தவர்கள் தென் மண்டலப் பல்கலைக்கழகப் போட்டிக்குப் போவார்கள். இந்தியப் பல்கலைக்கழகச் சங்கம் நாட்டை நான்கு மண்டலமாகப் பிரித்து நடத்துகிறது. ஒவ்வொரு மண்டலத்திலும் முதல் நான்கு இடம் பிடிப்பவர்கள் அகில இந்தியப் போட்டிக்குத் தகுதி பெறுவார்கள். அங்கே கோப்பைக்கு சர் அசுதோஷ் முகர்ஜி பெயர். தென் மண்டலத்தில் மாட்டிக்கொள்வதுதான் நமக்குச் சோதனை. எதிரில் கோழிக்கோடு போன்ற கேரளப் பல்கலைக்கழகங்கள் நிற்கும். மலபாரில் 'செவன்ஸ்' என்கிற எழுவர் போட்டிகள் மாதக்கணக்கில் நடக்கும் ஊர்களில் இருந்து வருகிறவர்கள். நம் பையன் வருடத்தில் நாலு ஆட்டம் ஆடிவிட்டு வருவான், அவர்கள் நாற்பது ஆடிவிட்டு வருவார்கள்.

ஜெயிக்காவிட்டாலும் அந்த ஜெர்ஸிக்கு மதிப்பு உண்டு. மத்திய அரசு வேலைகளில் விளையாட்டு ஒதுக்கீட்டுக்கான சான்றிதழ்கள் படிவ எண்ணால் அறியப்படுகின்றன: சர்வதேசப் போட்டிக்கு ஃபார்ம் 1, தேசியப் போட்டிக்கு ஃபார்ம் 2, பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டிக்கு ஃபார்ம் 3. கிரவுண்டில் பையன்கள் 'ஃபார்ம் த்ரீ கிடைச்சிருச்சா?' என்று கேட்டுக்கொள்வது இதைத்தான். தமிழக அரசு வேலைகளிலும் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீதம் ஒதுக்கீடு இருக்கிறது. ரயில்வே, போலீஸ், வங்கி என்று கனவு காணும் குடும்பங்களில், மகன் வெயிலில் ஓடுவதை அப்பா பொறுத்துக்கொள்வது இந்தத் தாளை நம்பித்தான்.

ஒரு ஸ்ட்ரைக்கர் முதல் சுற்றில் ஏன் பாஸ் கொடுக்காமல் தானே அடிக்கப் பார்க்கிறான் என்று கரையில் நின்று திட்டுகிறோமே, அவன் நிலையில் யோசியுங்கள். தேர்வுக்குழு அவனைப் பார்க்கப்போவது அந்த ஒரு சாயங்காலம் மட்டும்தான். தன் அணி தோற்றால் அவனுக்கு அடுத்த ஆட்டம் இல்லை. இறுதி வரை போகிற அணியின் சுமாரான மிட்ஃபீல்டர் நான்கு முறை கண்ணில் படுவான். முதல் சுற்றில் தோற்ற அணியின் கெட்டிக்காரன் ஒரு முறை. தேர்வாளர்கள் எவ்வளவு நேர்மையானவர்களாக இருந்தாலும் முறையே இப்படிச் சாய்ந்து கிடக்கிறது. கோலிகளுக்கு இது தலைகீழ். பலவீனமான அணியின் கோலிக்குத்தான் அந்த ஒரு ஆட்டத்திலேயே இருபது பந்து வரும், திறமையைக் காட்டலாம். எங்கள் முதல் கோலிக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. மூன்று பந்துதான் வந்தது என்று சொன்னேனே.

இதை மாற்ற முடியாதா என்றால், முடியும். 16 அணிகளை நாலு நாலாகப் பிரித்து லீக் வைத்தால் 24 ஆட்டம். ஒவ்வொரு பிரிவிலும் முதலிடம் பிடித்தவர்களுக்கு இரண்டு அரை இறுதி, ஓர் இறுதி. ஆக 27. நாக் அவுட்டைவிட 12 ஆட்டம் கூட. ஒரு கிரவுண்டில் காலையில் இரண்டு, மாலையில் இரண்டு என்றால் கூடுதலாக மூன்று நாள். இரண்டு கிரவுண்டில் வைத்தால் ஒன்றரை நாள். எந்த அணியும் மூன்று ஆட்டத்துக்குக் குறையாமல் ஆடும். செலவு என்று பார்த்தால் ரெஃபரிகளுக்கான படி, பஸ் காசு, சாப்பாடு, கூடுதல் ஓ.டி. நாட்கள். ஓர் அணிக்கு ஒரு நாளைக்கு ஒரே ஆட்டம் என்று இடைவெளி விட்டால் நாள் இன்னும் கூடும், உண்மைதான். ஆனாலும் இரண்டு மாதம் பயிற்சி எடுத்துவிட்டு ஒரு மணி நேரத்தில் வீடு திரும்புவதைவிட இது மலிவு என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. தடையாக நிற்பது பணத்தைவிட அக்டோபர். அதற்குள் முடிக்காவிட்டால் வடகிழக்குப் பருவமழை வந்துவிடும். கரிசல் கிரவுண்டில் ஒரு நல்ல மழை பெய்தால் ஒரு வாரம் கால் வைக்க முடியாது. மழை விடும்போது செமஸ்டர் தேர்வு நிற்கும்.

பெண்கள் பக்கம் அணிகள் இன்னும் குறைவு, ஆட்டங்களும் குறைவு. ஆனால் மதுரைப் பெயரில் வந்த ஆகப் பெரிய கால்பந்துக் கோப்பையைக் கொண்டுவந்தது பெண்கள்தான். 2019 மே மாதம் லூதியானாவில் நடந்த இந்திய மகளிர் லீக் இறுதியில், மதுரையை மையமாகக் கொண்ட சேது எஃப்சி மணிப்பூர் போலீஸ் அணியை 3–1 என்று வீழ்த்தியது. கிளப் தொடங்கி மூன்றே வருடத்தில் நாட்டின் சாம்பியன். நகரத்தில் எத்தனை பேருக்கு அது தெரியும் என்று சோதித்துப் பார்க்க விரும்புகிறவர்கள் டவுன் ஹால் ரோட்டில் நின்று பத்துப் பேரைக் கேட்கலாம்.

சரி, முதல் சுற்றில் தோற்றவர்கள் மிச்ச வருடம் என்ன செய்கிறார்கள்? விளையாடிக்கொண்டுதான் இருக்கிறார்கள். செப்டம்பருக்குப் பிறகு கல்லூரி ஜெர்ஸி பெட்டிக்குள் போனாலும் காலை ஆறு மணிக்கு ரயில்வே கிரவுண்டில் ஆள் குறைவதில்லை. பொங்கல் வந்துவிட்டால் அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் பக்கம் ஊர் முழுக்க மாட்டைப் பார்க்கப் போகும். கால்பந்து ஆடுகிற ஊர்களில் எழுவர் போட்டி நடக்கும், மைக் செட் கட்டி, பரிசுத் தொகை போட்டு. இரண்டாம் வருடம் டை பிரேக்கரில் எங்களைத் தோற்கடித்த அணியின் கோலி அந்தப் பொங்கலுக்கு திண்டுக்கல் பக்கம் ஒரு கிராமத்துக்கு வந்திருந்தான். அதே ஊர் அணிக்கு ஆட எங்கள் சென்டர் பேக்கும் வந்திருந்தான். மூன்று நாளில் ஐந்து ஆட்டம் ஆடினார்கள், இருவரும் ஒரே பக்கம்.